அய்யன் பணமும் பிள்ளை வீடும்

(கோவை வட்டாரத்தில் பஞ்சாலைத் தொழிலாளர்களும் சுற்றுப்புறக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஸ்பின்னிங் தொழிலாளி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



போன மாதம் இதே சங்கக் கட்டிடத்தில் மூன்று தோழர்கள், மூன்று வெவ்வேறு நாளில் வந்து, ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு பெறப் போகிறவர். மற்ற இருவரும் வாலிபர்கள். பெரியவர் கேட்டார்: "பையன் வீடு வாங்குகிறான். என் பி.எப். பணத்தைக் கேட்கிறான். கொடுக்கலாமா?" வாலிபர்கள் கேட்டார்கள்: "அப்பாவின் பி.எப். வருகிறது. அதை வைத்து ஒரு வீட்டை முடித்துவிடலாமா?" ஒரே பணம், இரண்டு பக்கமிருந்து கேள்வி. மூவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுவது நல்லது என்று செயலாளர் சொன்னார். அதனால்தான் இந்தக் கூட்டம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "கொடுக்காதே, வாங்காதே" என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. வாடகை வீட்டில் இருப்பவன் படும் பாடு எனக்குத் தெரியும். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வாடகையை ஏற்றுவார்கள். சாதி கேட்பார்கள். ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து தண்ணீர் பிடித்தால் மோட்டார் சத்தம் என்பார்கள். சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்று தொழிலாளி நினைப்பதில் பேராசை ஒன்றும் இல்லை. ஆலைச் சம்பளத்தில் அந்தக் கூரைக்கு மிச்சம் பிடிக்க முடிவதில்லை. குடும்பத்தில் மொத்தமாக ஒரு தொகை வருவது வாழ்நாளில் ஒரே ஒருமுறை, கிழவர் ஓய்வு பெறும்போது. ஆகவே எல்லோர் கண்ணும் அதன்மேல் விழுகிறது. இது இயற்கை. ஆனால் அந்தப் பணம் என்ன பணம் என்று தெரிந்துகொண்டு கைவைக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

இந்த நிதி எப்படி வந்தது? 1951 நவம்பரில் ஒரு அவசரச் சட்டமாக வந்து, 1952 மார்ச்சில் முழுச் சட்டமாயிற்று. முதலில் ஆறே தொழில்களுக்குத்தான்: சிமெண்டு, சிகரெட்டு, என்ஜினீயரிங், இரும்பு உருக்கு, காகிதம், ஜவுளி. நம் ஆலைத் தொழிலாளி அந்த முதல் வரிசையிலேயே நின்றவன். அன்று பிடித்தம் எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு ஆறேகால். அதாவது ரூபாய்க்கு ஒரு அணா. தொழிலாளி ஒரு அணா, முதலாளி ஒரு அணா. எங்கள் அய்யன் 1958இல் ஆலைக்குள் நுழைந்தவர். அணாக்கணக்கெல்லாம் போய் நயா பைசா வந்துவிட்ட பிறகும் அவர் அதை "அணாப் பணம்" என்றேதான் சொல்லுவார். "இந்த மாசம் அணாப் பணம் போக இவ்வளவு" என்று அம்மாவிடம் கணக்கு ஒப்பிப்பார். பிறகு விகிதம் ஏறி ஏறி, 1997இல் ஆலைகளில் நூற்றுக்குப் பன்னிரண்டாயிற்று.

இரண்டாவது விஷயம். இந்தப் பணத்துக்குச் சட்டம் ஒரு கோட்டை கட்டி வைத்திருக்கிறது. சட்டத்தின் 10ஆவது பிரிவைப் பாருங்கள். நிதியில் கிடக்கும் வரைக்கும் இந்தப் பணத்தை யாருக்கும் அடமானம் வைக்க முடியாது, எழுதிக் கொடுக்க முடியாது, கடன்காரன் கோர்ட்டில் டிக்ரி வாங்கினாலும் ஜப்தி செய்ய முடியாது. கிராஜுவிட்டிக்கும் இதே மாதிரிப் பாதுகாப்பு உண்டு. கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து பாயைச் சுருட்டலாம், பாத்திரத்தைத் தூக்கலாம், பி.எப். பக்கம் அவன் கை நீளாது. ஏழைக்கு இப்படி ஒரு பாதுகாப்பு கிடைப்பது அரிது. அந்தப் பணத்தை வெளியே எடுத்து, ஒரு வீட்டில் போட்டு, அந்த வீட்டுப் பத்திரத்தைப் பாங்கில் வைக்கிறீர்கள் என்றால், கோட்டைக்குள் இருந்ததைச் சந்தையில் கொண்டுவந்து வைக்கிறீர்கள். தவணை நின்றால், 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி பாங்கு 60 நாள் நோட்டீசு கொடுத்து, கோர்ட்டில் வழக்குப் போடாமலே வீட்டை எடுத்துக்கொள்ளும் வேலையை ஆரம்பிக்கலாம். அந்த வீட்டில் யாருடைய முப்பது வருஷ உழைப்பு கிடக்கிறது என்று பாங்கு கேட்காது.

இனி என் சொந்தக் கதை. இதைச் சொல்ல எனக்குச் சந்தோஷமில்லை. ஆனால் ஊரார் கதையைச் சொல்லிவிட்டு என் கதையை மறைத்தால் அது நியாயமாகாது.

எங்கள் அய்யன் ரிங் ஸ்பின்னிங்கில் சைடர். முப்பத்துநாலு வருஷம் சைடு பார்த்தார். 1992இல் ஓய்வு பெற்றார். பி.எப். எழுபத்தோராயிரம், கிராஜுவிட்டி நாற்பத்திரண்டாயிரம். ஆக மொத்தம் ஒரு லட்சத்துப் பதிமூவாயிரம் ரூபாய். அப்போது நானும் அதே ஆலையில்தான் இருந்தேன். மூன்று சென்டில் ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்தது, ஒரு லட்சத்து அறுபதாயிரம். ஆலைக் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பதாயிரம் கடன் வாங்கினேன். வீட்டுக்காரியின் நகையில் பதினேழாயிரம். மிச்சம் முழுக்க அய்யன் பணம். நான் கேட்டபோது அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "எடுத்துக்க கண்ணு, எனக்கெதுக்கு அது?" என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். பத்திரத்தை என் பேரில் மட்டும் எழுதினேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. இந்த மாதிரிக் கதைகளில் மருமகள் தலையில் பழி போடுவது நம் ஜனங்களுக்கு வழக்கம். என் வீட்டுக்காரி, "மாமா பேரையும் சேருங்க" என்றுதான் சொன்னாள். "அப்புறம் பார்க்கலாம்" என்றவன் நான்.

கவனியுங்கள்: ஆலைத் தொழிலாளிக்கு மாதப் பென்ஷன் என்ற திட்டம் வந்தது 1995 நவம்பர் 16ஆம் தேதி. அய்யன் அதற்கு மூன்று வருஷம் முந்தி வெளியே வந்துவிட்டார். அவருக்கு இருந்த பழைய குடும்ப பென்ஷன் திட்டத்தில், தொழிலாளி சர்வீஸில் இருக்கும்போது இறந்தால் மனைவிக்குக் கிடைக்கும். உயிரோடு ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தவருக்கு மாதாமாதம் ஒன்றுமில்லை. ஆக, அந்த ஒரு லட்சத்துப் பதிமூவாயிரத்தை என் கையில் கொடுத்த நாளோடு அவருக்கென்று சொந்த வரவு தீர்ந்தது. இது எனக்கு அன்று தோன்றவே இல்லை. சோறு போடுகிறோம், வேட்டி எடுத்துக் கொடுக்கிறோம், உடம்புக்கு முடியவில்லையென்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம், இன்னும் என்ன வேண்டும் என்று இருந்தேன்.

அய்யனுக்கு ஒரு பழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் ஷிப்டு மாறும் நேரத்துக்கு ஆலை கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போய் உட்காருவார். பழைய கூட்டாளிகள் நாலைந்து பேர் வருவார்கள். முறை வைத்து டீ வாங்குவார்கள்; இன்று இவர், நாளை அவர். ஒரு வருஷம் போனார். பிறகு போவதை நிறுத்திவிட்டார். முழங்கால் வலி என்றார், நானும் நம்பினேன். அவர் காலமானதற்குப் பிறகு அந்த டீக்கடைக்காரர் என்னிடம் சொன்னார்: "உங்க அய்யனுக்குக் கால்வலி இல்லீங்க. முதல்ல அவர் முறை வர்ற நாளைக்கு மட்டும் வராம இருந்தார். அப்புறம் அடியோட வர்றதில்லை." முப்பத்துநாலு வருஷம் தன் காசில் டீ வாங்கிக் கொடுத்த மனிதர், என்னிடம் வந்து ஐந்து ரூபாய் கொடு என்று கேட்க மனசில்லாமல் வீட்டுக்குள் முடங்கிவிட்டார். அவர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். ஆனால் கேட்க வேண்டிய நிலையில் அவரை வைத்தவன் நான்தானே?

2001இல் ஆலையை மூடினார்கள். எங்கள் ஆலை மட்டுமா? அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்தில் எத்தனை கேட்டுகளுக்குப் பூட்டுத் தொங்கியது என்று உங்களுக்கே தெரியும். பாக்கிச் சம்பளமும் கிராஜுவிட்டியும் இழுத்துக்கொண்டே போயின. 2002இல் வீட்டுப் பத்திரத்தை ஒரு பைனான்சில் வைத்துப் பணம் வாங்கினேன். அய்யனிடம் சொல்லவில்லை; சொல்ல வேண்டிய கட்டாயமும் சட்டப்படி இல்லை. வட்டி குட்டி போட்டது. 2003இல் வீட்டை விற்றேன்.

கிரயம் முடிக்கும் நாளன்று காலையில் அய்யன் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, கண்ணாடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டேன். "ரிஜிஸ்டிரார் ஆபீசுக்கு நானும் வரணுமில்ல? கையெழுத்துப் போடணுமே" என்றார். பதினோரு வருஷமாக அந்த வீட்டில் தன் கையெழுத்துக்கும் இடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "வேண்டாமுங்க, என் கையெழுத்துப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனேன். 2005இல் வாடகை வீட்டில் காலமானார்.

என் கதை இவ்வளவுதான். இனி கணக்குப் பேசுவோம். உங்களுக்கு அதுதான் உபயோகம்.

இன்றைய தொழிலாளிக்குப் பென்ஷன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. எவ்வளவு? கடைசி ஐந்து வருஷத்துச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி, எழுபதால் வகுக்க வேண்டும். சம்பளத்தில் 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் எடுப்பதில்லை. அந்த உச்சத்திலேயே 28 வருஷம் என்றாலும் ஆறாயிரம்தான் வருகிறது. 2014 செப்டம்பருக்கு முந்திய சர்வீஸுக்கு உச்சவரம்பு 6,500. ஆகவே அந்த ஆறாயிரமும் முழுசாக வராது. குறைந்தபட்சப் பென்ஷன் என்று 2014இல் ஆயிரம் ரூபாயை நிர்ணயித்தார்கள். உயர்த்துங்கள் என்று சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருந்தும், 2025 வரைக்கும் அது ஆயிரமாகவே நின்றது. மாத்திரைச் செலவுக்கே காணாத பணம்! ஆகவே, பென்ஷன் இருக்கிறது, பி.எப். பணம் பெரியவருக்கு எதற்கு என்று கேட்பவன், அந்தப் பென்ஷன் புத்தகத்தைத் திறந்து பார்க்காதவன்.

இப்போது பிள்ளை பக்கத்துக் கணக்கு. வீட்டுக் கடன் நூற்றுக்கு ஒன்பது வட்டி, இருபது வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து லட்சத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 4,500 ரூபாய். இருபது வருஷத்தில் கட்டி முடிப்பது 10 லட்சத்து 80 ஆயிரம். அப்பாவிடம் அந்த ஐந்து லட்சத்தை வாங்கினால், இந்தத் தவணை அவனுக்கு மிச்சம். பெரியவர் அதே ஐந்து லட்சத்தைத் தபாலாபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்பில் போட்டால், 2025ஆம் வருஷத்து வட்டி நூற்றுக்கு 8.2. வருஷத்துக்கு 41,000, மாதத்துக்குப் பார்த்தால் 3,400க்கு மேல். சாதாரணமாக 60 வயது ஆகியிருக்க வேண்டும். ஆனால் 58இல் ஓய்வு பெற்றவரும், பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டால் சேர்த்துக்கொள்வார்கள்.

ஆக, அய்யன் பணத்தை வாங்கும்போது பிள்ளைக்கு மாதம் 4,500 மிச்சமாகிறது, அய்யனுக்கு மாதம் 3,400 நஷ்டமாகிறது. இந்த நஷ்டத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. பாங்குக்குத் தவணை தவறினால் நோட்டீசு வரும். அய்யனுக்குத் தவறினால் எந்த நோட்டீசும் வராது. அவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்திக்கொள்வார், அவ்வளவுதான்.

வழி இதிலேயே இருக்கிறது. பிள்ளைக்கு மிச்சமாகும் 4,500இல், 3,400ஐ மாதாமாதம் அய்யன் பேரிலோ அம்மா பேரிலோ உள்ள பாங்குக் கணக்கில் கட்டட்டும். அப்போதும் அவனுக்கு மாதம் ஆயிரத்து நூறு லாபம், பெரியவருக்கும் நஷ்டமில்லை. கையில் கொடுக்க வேண்டாம், கணக்கில் கட்டுங்கள். கையில் கொடுத்தால் அது தானம் போல ஆகிவிடுகிறது. கொடுப்பவன் முகத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. பெற்ற அப்பனுக்கு வட்டியா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன்: முன்பின் தெரியாத பாங்குக்கு ஒன்பது வட்டி கொடுக்க வெட்கப்படாதவன், பெற்றவருக்கு எட்டு கொடுக்க ஏன் வெட்கப்பட வேண்டும்?

அது வட்டி மாத்திரம்தான், தோழர்களே. முதல் எங்கே? முதல் அந்த வீட்டில் நிற்கிறது. அது பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்த இடத்தில் பி.எப். விதியையே பாருங்கள், அது நம்மைவிடப் புத்திசாலி. சர்வீஸில் இருக்கும்போது வீட்டுக்கு முன்பணம் எடுக்கும் 68-பி விதி என்ன சொல்லிற்று? வீடோ மனையோ தொழிலாளி பேரில், அல்லது மனைவி அல்லது கணவன் பேரில், அல்லது இருவர் பேரில் கூட்டாக இருக்க வேண்டும். மகன் பேரில் வாங்க முன்பணம் கிடையாது. அண்ணன் தம்பியோடு சேர்ந்த கூட்டு மனையில் கட்டவும் கிடையாது. பல பேர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். பிள்ளைக்குக் கொடுக்க விடமாட்டேன் என்கிறானே என்று. எனக்கென்னவோ, அந்த விதியை எழுதியவர் நாலு வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார் என்று தோன்றுகிறது.

2025 அக்டோபர் 13ஆம் தேதி டெல்லியில் கூடிய மத்திய அறங்காவலர் குழு, இப்படிப் பதின்மூன்று வகையாகக் கிடந்த முன்பண விதிகளை ஒன்றாக்கி, அத்தியாவசியத் தேவை, வீட்டுத் தேவை, விசேஷ நிலைமை என்று மூன்றே இனமாக வைப்பதென்று முடிவு செய்தது. பன்னிரண்டு மாத சர்வீஸ் போதும், கணக்கில் நூற்றுக்கு இருபத்தைந்து மிச்சம் இருக்க வேண்டும் என்பது அந்த முடிவு. எடுப்பது சுலபமாகிறது. சுலபமானது எல்லாம் நன்மை என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் ஆள் கேட்கும்போது "விதி இடம் கொடுக்கவில்லை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பெரியவருக்கு ஒரு சாக்கு இருந்தது. அந்தச் சாக்கும் போகிறது. மனுப் போடுவதற்கு முன்னால் அன்றைய விதி என்ன என்று சங்க ஆபீசில் ஒருமுறை கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஓய்வு பெற்று முழுத் தொகையும் கைக்கு வந்துவிட்டால் எந்த விதியும் இல்லை; அவர் பணம், அவர் இஷ்டம். அங்கேதான் நாமே நமக்கு விதி வைத்துக்கொள்ள வேண்டும். பெரியவர் பணம் போகும் வீட்டில் பெரியவர் பேரும், கூடவே அம்மா பேரும் இருக்கட்டும். அம்மா பேரை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆண் முந்திக்கொண்டால் விதவைக்குப் பென்ஷன் பாதியாகத்தான் வருகிறது. வீடாவது அவள் பேரில் இருக்கட்டும். சர்க்காரும் 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் மதிப்பு வரை பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒன்று குறைத்திருக்கிறது.

"பின்னால் மகன் பேருக்கு மாற்ற மறுபடி செலவாகுமே, இப்போதே அவன் பேரில் எழுதிவிட்டால் என்ன?" என்று பத்திரம் எழுதுபவர்களே சொல்லிக் கொடுக்கிறார்கள். இதை நம்பாதீர்கள். வெளியாரிடம் கிரயம் வாங்க முத்திரைத் தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு, ஆக நூற்றுக்கு ஒன்பது. குடும்பத்துக்குள் செட்டில்மெண்டு எழுத முத்திரை நூற்றுக்கு ஒன்று, பதிவு ஒன்று. 2023 ஜூலை முதல் முத்திரை எவ்வளவு போனாலும் 40,000க்கு மேல் இல்லை, பதிவு 10,000க்கு மேல் இல்லை. உயில் எழுதினால் அதுவும் இல்லை. உயிலுக்கு இன்னொரு குணம் உண்டு: மனசு மாறினால் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். செட்டில்மெண்டை அப்படி நினைத்த மாத்திரத்தில் கிழிக்க முடியாது. ஆகவே பெரியவர் உயிரோடு இருக்கும்வரை உயிலோடு நில்லுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

பாங்குக் கடனும் சேர்த்து வாங்குகிறபோது இன்னொரு கண்ணி இருக்கிறது. "அப்பாவும் ஒரு கையெழுத்துப் போடட்டும்" என்பார்கள். கடனுக்குக் கூட்டாளியாக அவர் கையெழுத்து வேண்டும். வீட்டுப் பத்திரத்தில் மட்டும் அவர் பேர் வேண்டாம்! கடன் அவருக்கும் சேர்த்து, வீடு பிள்ளைக்கு மட்டும். இப்படி ஒரு தாளில் பெரியவரைக் கையெழுத்துப் போட விடாதீர்கள். இரண்டு தாளிலும் பேர் இருக்கட்டும், இல்லையென்றால் இரண்டிலும் வேண்டாம்.

மகள்மாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் மகனும் அய்யனும் பேசி முடித்துவிடுகிறார்கள். கட்டிக்கொடுத்த பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. "அவளுக்குத்தான் நகை போட்டுக் கல்யாணம் செய்தாச்சே" என்கிறார்கள். நாளைக்குக் கிழவருக்கு உடம்பு முடியாமல் போனால் மலமூத்திரம் எடுக்க யார் வருகிறாள்? எங்கள் அய்யன் கடைசி ஆறு மாதம் படுக்கையில் கிடந்தபோது, பல்லடத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள் என் தங்கை. பணம் பற்றிப் பேச்சு நடந்த 1992இல் அவளை யாரும் கூப்பிடவில்லை.

இங்கே உட்கார்ந்திருக்கும் விவசாயத் தொழிலாளித் தோழர்கள், "எங்களுக்குப் பி.எப்.பும் இல்லை, கிராஜுவிட்டியும் இல்லை, எங்களை எதற்குக் கூப்பிட்டீர்கள்?" என்று நினைக்கலாம். உங்களுக்கு இருப்பது முதியோர் உதவித் தொகை. 2023இல் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து இருநூறாக உயர்த்தினார்கள். ஆயுசு முழுக்கச் சேற்றில் நின்றவனுக்கு மாதம் ஆயிரத்து இருநூறு! அது தனிப் போராட்டம். ஆனால் உங்கள் வீட்டிலிருந்துதான் அண்ணனோ தாய்மாமனோ மகளோ ஆலைக்கு வருகிறார்கள். ஊரில் குடிசையை ஓட்டு வீடாக்க வேண்டும் என்றால், ஆலை மாமனின் பி.எப். மேல்தான் கண் போகிறது. அப்படிக் கட்டுவதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள்: மனை யார் பேரில் இருக்கிறது? பண்ணையார் மனையில் குடிசை போட்டிருந்தவனுக்கு அந்த மனை சொந்தம் என்ற உரிமை 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டத்தால்தான் வந்தது. ஆனால் பல ஊர்களில் பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பேரிலேயே கிடக்கிறது. அண்ணன் தம்பி நாலு பேருக்கும் பாத்தியம். அதன்மேல் மாமன் பணத்தைப் போட்டு ஒருவன் வீடு கட்டுவான். பத்து வருஷத்தில் நாலு பேரும் பாகம் கேட்பார்கள். மாமனுக்குப் படுக்கத் திண்ணைகூட மிஞ்சாது. முதலில் தாலுகா ஆபீசுக்கு நடந்து பட்டாவைச் சரி செய்யுங்கள். செங்கல் அப்புறம் வரட்டும்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருப்பவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உங்களுக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. கவனிக்காத பிள்ளைகள்மேல் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். மகன், மகள் எல்லோரும் அதில் கட்டுப்பட்டவர்கள். மாதம் பத்தாயிரம் வரை ஜீவனாம்சத்துக்கு உத்தரவு போட அந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. வக்கீல் தேவையில்லை. கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவன் பராமரிக்கவில்லை என்றால், அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்க 23ஆவது பிரிவு இருக்கிறது. ஆனால் நிபந்தனை இருந்தது என்று காட்ட வேண்டும். 2022இல் சுப்ரீம் கோர்ட்டு இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. ஆகவே இனி எழுதிக் கொடுப்பவர்கள் அந்த ஒரு வரியைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதுபவர் முகம் சுளித்தால் வேறு ஆளிடம் போங்கள்.

(பேச்சு முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து, "இதையெல்லாம் பேசினால் பையன் மனசு கோணிவிடாதா? ஒரே பிள்ளை" என்று கேட்டார்.)

நல்ல கேள்வி. கோணலாம். நான் சொல்வது இதுதான்: நீங்கள் தனியாகப் பேச வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் இங்கே இருப்பேன். பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மகள் இருந்தால் அவளும் வரட்டும், அம்மாவும் வரட்டும். பி.எப். பாஸ்புத்தகம், பென்ஷன் தாள், பாங்கில் கொடுத்த கடன் தாள், பத்திரத்தின் நகல் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். கணக்கை நான் போட்டுக் காட்டுகிறேன். பையன் கோபித்துக்கொண்டால் என்னிடம் கோபித்துக்கொள்ளட்டும். என் கதையையும் அவனுக்குச் சொல்லுகிறேன்.